மீன் வயிற்றுக்குள் போனவர்

இன்று எதிர்வீட்டுச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பின் வாசனை, இப்போது அடுக்குமாடி நிற்கும் மயிலாப்பூர்ச் சந்தில் எழுபதுகளில் சுண்ணாம்படித்த சுவர்களோடு இருந்த எங்கள் ஞாயிறு பள்ளிக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே ஒருநாள் வேதாகம வினாடி வினா. இரண்டு அணியும் சமமாக நிற்க, கடைசிக் கேள்வி எங்களுக்கு வந்தது.

"பெரிய மீன் யாரை விழுங்கிச்சு?"

நான் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆள் குறைந்ததால் எங்கள் அணியில் சேர்த்துக்கொண்ட பக்கத்துவீட்டுத் தையல்காரர் மகள் மெஹருன்னிசா எழுந்து, "யூனுஸ் நபி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அவருதாம்மா எங்க யோனா. பதில் சரி" என்றார்.

ஜெயித்துவிட்டோம். கைதட்டலுக்கு நடுவே மெஹருன்னிசா என் காதருகே ஆச்சரியமாகக் கேட்டாள்:

"இன்னாடி, எங்க நபிய உங்களுக்கும் தெரியுமா?"