அபினாவுக்கு மேலே கட்டிய வலை

பிரிஜித் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து நெத்தோலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரை வக்கீலாபீசுக்குப் போய்வந்த கணவர் ததேயூஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரு கவரோடு எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்.

முதுகு போய் கடலுக்குப் போவது நின்றபிறகு கிழிந்த வலை பொத்திக்கொடுத்துப் பிழைத்த மனுஷன். நைலான் வலைக் கண்ணிகளில் வெள்ளித்தாள் நாடாவைச் சரிவாகக் கோத்தால் காற்று வரும், வெயில் வராது என்று கண்டுபிடித்தார். பேடன்ட் கிடைத்தபோது தெரு முழுக்கச் சொன்னார்: "சென்னையில எனக்க பேருல ஒரு நம்பர் உண்டு, கேட்டியளா!"

"நம்பர வச்சு சோறு வடிக்கவா?" என்று பிரிஜித் கேட்டாள். ஆனாலும் நாடா கோக்க நாலு பெண்களைச் சேர்த்தது அவள்தான்.

இப்போது ஒரு பெரிய கம்பெனி அதே வலையை விற்கிறது. தட்டிக்கேட்டதற்கு, அவருடைய உரிமையையே ரத்து செய்யச் சொல்கிறது. அவர் பேடன்டுக்கு மனு கொடுப்பதற்கு முன்பே உலகம் இந்த வலையைப் பார்த்துவிட்டதாம்; பார்த்த பொருள் புதுசாகாதாம்.

"ஆரு பாத்தா?"

அவர் கவரிலிருந்து, கம்பெனி சாட்சியாகக் கொடுத்த ஒரு படத்தை எடுத்து வைத்தார். மகள் அபினாவின் அடக்கம். மனு கொடுப்பதற்கு ஒன்றரை வருஷம் முந்திய மே மாதம். கல்ஃபிலிருந்து வரமுடியாத மாமன்மார் பார்க்கட்டும் என்று ஸ்டூடியோக்காரன் யூடியூபில் நேரலை விட்டது, அப்படியே கிடந்திருக்கிறது. முற்றத்தில் பெட்டி. மேலே இரண்டு தென்னைகளுக்கு நடுவே வெள்ளி வலை. வலையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே, பூக்கிரீடத்தோடு பத்தொன்பது வயது முகம்.

பிரிஜித் விரலைத் துடைத்தாள். படத்தைத் தொடவில்லை.

"அது கடையில வாங்கின சாதா வலையாக்கும்ணு வக்கீல்ட்ட சொல்லியாச்சு. படத்துல வலைக்க மூலயப் பிடிச்சிட்டு நிக்கியது நீயில்லியா, நீயும் ஒரு ஒப்பு போட்டா மதி." கையெழுத்துக்கான தாளையும் கவரிலிருந்து எடுத்து வைத்தார்.

"கடையிலயா?"

அன்று அவர் கோத்து முடிக்காமல் விட்ட கடைசி இரண்டு வரியை அவள்தான் கோத்தாள்.

"நாலு பொம்பளைய இத வச்சு கஞ்சி குடிக்கியாவ, பிரிஜித்தே. செத்தவளுக்கு இதுல என்ன கொறஞ்சு போவும்?" சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

அவள் ஒப்புத் தாளை அவர் பக்கமாகவே நகர்த்தினாள்.

"அபினாக்க அப்பா, பிள்ளைக்க மொகத்துல வெயிலு அடிக்குதுண்ணு சொன்னது நானாக்கும். நான் வாய மூடீட்டு இருந்திருந்தா, உங்களுக்க நம்பரு நிண்ணிருக்கும், இல்லியா?"

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். அவள் மீன்சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.