வளைகாப்புக்குள் முடிய வேண்டிய வேலை

அன்புக்கரசியிடம் இட்லி மாவு வாங்காத வீடு அந்த மூன்று தெருவில் கிடையாது. கணவர் தவறிய பிறகு ஒற்றைக் கிரைண்டரை நம்பித் திண்டுக்கல்லுக்கு வந்தவள், பதினோரு வருடத்தில் மகள் ஜீவிதாவைப் படிக்கவைத்துத் தாடிக்கொம்பில் கட்டியும் கொடுத்துவிட்டாள். எவரிடமும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். ஒரே ஒருவரிடம் மட்டும் பெட்டிப் பாம்பு. அவர், அவள் குடியிருக்கும் வீட்டின் ஓனர் சோலைமலை, புளி வியாபாரி.

உள்ளறையின் மேல்தளப் பூச்சு ஒன்றரை வருடமாகப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. துருப்பிடித்த கம்பி பல்லை இளித்தது. சரிசெய்யச் சொன்னால் சோலைமலை வாயிலேயே பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். ஆடியில் வீட்டு வேலை ஆகாது. ஆவணியில் கொத்தனார் சிக்கமாட்டான். புரட்டாசி பெருமாள் மாதம். ஐப்பசியில் மழை. பன்னிரண்டு மாதத்தோடு வருடம் முடிந்துவிடுகிறதே என்பதுதான் அந்த மனிதருக்கு ஒரே குறை.

இந்த ஐப்பசியில் ஜீவிதாவுக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். கார்த்திகை இருபத்திரண்டு. வளையல் போட்ட கையோடு பிள்ளை தாய் வீட்டுக்கு வந்துவிடும். படுக்க அந்த உள்ளறைதான். போதாததற்கு, மாசமான பெண் இருக்கிற வீட்டில் இடிக்கிற வேலை கூடாது என்பது ஊர் வழக்கம். அவள் வாசலை மிதித்துவிட்டால், பிரசவம் முடியும்வரை சுத்தியலோடு ஒருத்தனும் உள்ளே வரமாட்டான். அந்தக் கம்பிகளுக்குக் கீழே தன் பிள்ளையும், அதன் வயிற்றுப் பிள்ளையும்.

தினமும் ஒரு படி மாவு வாங்கும் வக்கீல் நுஸைபாவிடம் ஒருநாள் அன்புக்கரசி கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"சீலிங், சுவரு, பைப்பு, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்புக்கா. குழாய் வாஷர், சுவிட்சு மாதிரிச் சில்லறை வேலைதான் உங்களுது. எழுத்துல கேளுங்க. அவரு செய்யலைன்னா நீங்களே செஞ்சு, பில்லை வச்சு வாடகையில கழிச்சுக்கலாம். சட்டமே இருக்கு. வாடகை ஒப்பந்தம் வேற பதிஞ்சிருக்கீங்க, பிறகென்ன பயம்?"

பிச்சை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது தன் உரிமையா! அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நுஸைபா எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, சோலைமலை கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாரா என்று தபால்காரரை மூன்று நாள் துளைத்தெடுத்தாள்.

வாங்கிய அன்றே அவர் வந்துவிட்டார்.

"பதினோரு வருசம் பழகிட்டுத் தபால் போடுறியேம்மா. பிடிக்கலைன்னா காலி பண்ணிக்க."

"ரிப்பேர் கேட்டதுக்காகக் காலி பண்ணச் சொல்ல முடியாதாம்ணே. வக்கீலம்மா சொன்னாங்க."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். நெஞ்சு கிரைண்டர் மாதிரி ஓடியது, ஆனாலும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

கடிதத்தில் கொடுத்த பதினைந்து நாளும் போனது. வளைகாப்புக்கு இன்னும் பத்தே நாள். கொத்தனார் ஞானதாஸ் சாரம் கட்டி, சுத்தியலைக் கையில் எடுத்த நேரம் பார்த்து சோலைமலை உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"பெத்த மக மாசமா இருக்கையில வீட்டை இடிக்கிறாளே, இவள்லாம் ஒரு தாயா? பிள்ளைக்கு ஒண்ணுன்னா யார் பொறுப்பு?"

ஞானதாஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க மாதா கோயில்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா. உங்க மகளும் இன்னும் இங்க வரலை. ஆனா வாய்விட்டுச் சொல்லிட்டாரு. இனி எனக்குக் கை வராது."

சட்டத்தில் எல்லாம் இருந்தது. இதற்குப் பதில் இல்லை. அன்புக்கரசிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சேலையை இழுத்துச் செருகினாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

"தாய்தாண்ணே. அதான் நானே இடிக்கிறேன். வர்ற பாவம் என்னோட போகட்டும்."

ஓங்கி ஒரே அடி. பாய் அகலத்துக்குப் பூச்சு அப்படியே பெயர்ந்து, கட்டில் போட ஒதுக்கிவைத்திருந்த இடத்தில் திடுமென்று விழுந்தது. புழுதி அடங்கச் செத்த நேரம் ஆனது. விழுந்ததில் ஒரு துண்டு அம்மிக்கல் தடிமன். தலை முழுக்கச் சுண்ணாம்போடு சோலைமலை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பேரன் பேத்தி உண்டு.

"இம்புட்டு மோசமாவா இருந்துச்சு" என்றார், குரல் இறங்கி. பிறகு, "ஞானதாஸு, அந்த மூலையையும் தட்டிப் பாரு. சிமெண்டு, கூலி எல்லாம் என் கணக்கு."

ஓனரே சொல்லிவிட்டார் என்றதும் ஞானதாஸுக்குக் கை வந்துவிட்டது. அவள் இறங்க, அவர் ஏறித் தட்டத் தொடங்கிய நேரத்தில் அன்புக்கரசியின் போன் அடித்தது. ஜீவிதா.

"என்னம்மா அங்க ஒரே சத்தம்?"

"நம்ம வீட்டு வேலை நடக்குதுடி. நீ தைரியமா வா."

நம்ம வீடு. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. சொன்ன பிறகுதான் ஓனர் எதிரிலேயே நிற்பது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

சோலைமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிரைண்டர் மேல் தூசி விழாமல் சாக்கை இழுத்து மூடினார்.