பத்து நிமிடம் காத்திருந்த பெட்டி

ஸ்டெல்லாக்கா இறந்துவிட்டார் என்று வியாழக்கிழமை காலை என் தங்கை கைப்பேசியில் அழுதாள். ஆனைமுடி மலையே இடம் மாறிவிட்டது என்றிருந்தால் உடனே நம்பியிருப்பேன். இதை நம்பவில்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளியே காலம் கழித்த அந்த மனுஷி பள்ளிவாசல் எஸ்டேட்டின் லயத்து வீட்டு வாசலில் நின்று அதட்டினால் மதுரையில் பேருந்து நிற்கும். அவரை அறிந்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

தங்கை மகன் செல்வம் ஜீப் ஓட்டுபவன். விபத்தில் இடுப்பு போய், வலிக்குப் போட்ட ஊசியே பிறகு போதையாகி அவனைத் தின்னத் தொடங்கியது. அதிலிருந்து மீள ஆஸ்பத்திரியில் தினமும் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது கரையப் பத்து நிமிடம். அதுவரை பேசக் கூடாது, குடிக்கக் கூடாது. ஊரே அவனைக் கண்டு விலகிப் போனபோது, அக்கா ஏழு வீடுகளைப் பிடித்து முறை போட்டார். வீட்டுக்கு ஒரு காலை, மாத்திரை கரையும்வரை அவனை அழைத்து உட்காரவைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு, ஞாயிறு எனக்கு.

முதல் ஞாயிறே அடியேன் சரித்திரம் படைத்தேன். வந்தவனுக்குச் சாயா கொடுக்காவிட்டால் எங்கள் ஏழு தலைமுறை என்ன ஆவது? அவன் வாயைத் திறக்காமல் தலையாட்டினான். குடிக்கக் கூடாது என்பதை மறந்து, கூச்சம் என்று நினைத்துக் கண்ணாடிக் குவளையை வாயருகே கொண்டுபோய்க் குடிக்கவைத்தேன். மாத்திரை வயிற்றுக்குப் போய் வீணானது. சாயங்காலம் கால் முறுக்க, மூக்கொழுக, பழைய ஊசிக்காரனைத் தேடிப் புறப்பட்டவனை ஜீப் ஸ்டாண்டில் மறித்து அழைத்து வந்தவர் அக்காதான்.

"ஏல, உன் சாயாவால ஒரு உசுரு போயிருக்கும்! அவன் வாயில மாத்திரை இருக்குற வரைக்கும் உன் வாயையும் பூட்டி வையி."

அக்காவின் அடக்கம் வெள்ளிக்கிழமை காலை. மாத்திரையை வைத்துக்கொண்டே செல்வம் சவப்பெட்டியருகே வந்து நின்றான். மாதா கோயில் கமிட்டிச் செயலாளர் குறுக்கே வந்தார்.

"ஒரு போதைய விட்டு இன்னொரு போதையப் பிடிச்சவன் பெட்டியத் தொடக் கூடாது. என்னல, ஊமை மாதிரி நிக்க?"

சாராய நாற்றத்தோடு வந்து பெட்டி தூக்கிய எத்தனை பேரை இதே செயலாளர் வழிவிட்டு அனுப்பியிருக்கிறார்! அவரிடம் அக்கா ஒருமுறை கேட்டார்: "நீ பிரஷர் மாத்திரை போட்டுட்டுத்தான பூசையில வாசகம் வாசிக்க? அது என்ன போதை?"

எனக்கு வந்த கோபத்துக்கு மூணாறு தேயிலை முழுவதும் நின்ற இடத்திலேயே வறுபட்டிருக்கும். ஆனாலும் வாயைப் பூட்டிக்கொண்டு செல்வத்தின் பக்கத்தில் போய் நின்றேன். முறை போட்ட மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மாத்திரை கரையும்வரை யாரும் பெட்டியைத் தூக்கவில்லை. பத்து நிமிடம். பங்குச் சாமியாரும் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை அல்லவா, அக்கா தன் முறையைத் தவறவிடவில்லை.

செல்வம் எச்சிலை விழுங்கினான்.

"தூக்குங்க மாமா."

தலைமாட்டை அவன் பிடித்தான். செயலாளர் விலகினார்.

அக்காவின் வெள்ளிக்கிழமையை நான் வாங்கிக்கொண்டேன். இடுக்கி ஜில்லாவிலேயே நீளமான என் நாக்கு, வாரத்தில் இரண்டு காலை செல்வத்தின் எதிரே அசையாமல் கிடக்கிறது. நடுவில் சாயா ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும்.