நாற்பத்தொரு சதுரம்

சாலைப் பணியாட்கள் எல்லோருக்கும் அவள் 'டேப் அக்கா'. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். ஜல்லிக் கூடை சுமக்கும் ஆளாகச் சேர்ந்து, இருபத்தாறு வருடத்தில் சாலை ஆய்வாளர் ஆனவள். ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். பள்ளத்தை அப்படியே நிரப்பினால் ஒரு மழைக்குத் தாங்காது. சுற்றிலும் சதுரமாக வெட்டி, ஒரு சாண் ஆழம் எடுத்த பிறகுதான் தார்க் கலவை போட வேண்டும். ஓரம் கோணினால் மறுபடி வெட்டச் சொல்வாள். "ரோடு போடுறோமா, சட்டை தைக்கிறோமா?" என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே வெட்டுவார்கள்.

அந்தப் பிடிவாதம்தான் இந்த முறை அவளைக் கவிழ்த்தது. ஏரியோர நெடுஞ்சாலை இரண்டு கிலோமீட்டருக்குக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் அதிகாரிகள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. வேறு யாராவது இருந்திருந்தால் பத்துக் குழியை வெட்டி, அதை மூடிவிட்டு, அடுத்த பத்துக்குப் போயிருப்பார்கள். இவள் அவசரத்தில் மொத்தத்தையும் முதலில் வெட்டச் சொன்னாள். நாற்பத்தொரு குழி, ஒவ்வொன்றும் நறுக்கென்று நாலு மூலையோடு. தார் லாரி பாதி வழி வந்திருக்கும்போது சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்தின் தடை வந்துவிட்டது. ஏரிக்கு இருநூறு மீட்டருக்குள் எந்த வேலையும் கூடாது. அடுத்த விசாரணை வரை எல்லாம் இருக்கிறபடியே இருக்க வேண்டும். லாரி வந்த வழியே திரும்பிப் போனது.

தீர்ப்பாயத்தின் மேல் அவளுக்குக் கோபமில்லை. போன வருடம் தார் வழிந்து ஏரியில் இறங்கி, மீன் செத்து மிதந்ததை அவளே பார்த்திருக்கிறாள். "ஆனா சார், வெட்டுனது வெட்டுனபடி கிடக்கே!" என்று பொறியாளரிடம் போய் நின்றாள்.

அவர் இரண்டு உத்தரவையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலையைச் சொறிந்தார். "செய்யலைன்னா அவங்க கூப்பிடுவாங்க. செஞ்சா இவங்க கூப்பிடுவாங்க. சட்டக் கருத்துக் கேட்டு எழுதியிருக்கேம்மா. வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருப்போம்."

கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஜென்மமா அவள்? சிவப்பு டிரம்மும் கயிறும் கொடியுமாகக் குழிகளைச் சுற்றி வேலி கட்டினாள். நான்காம் நாள் விடியற்காலை மழை கொட்டித் தீர்த்தது. டிரம்கள் உருண்டு ஓடின. குழிகளில் தண்ணீர் நிரம்பி, எது ரோடு எது குழி என்றே தெரியவில்லை. அவள் செருப்பு மாட்டுவதற்குள் கணவர் போனோடு ஓடி வந்தார். அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்கு ஸ்கூட்டரில் போகும்போது ஏரியோரத்தில் விழுந்துவிட்டாளாம்.

போய்ப் பார்த்தால், நாத்தனார் தான் வேலை பார்க்கும் வார்டிலேயே கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். "வாங்க அண்ணி. சும்மா சொல்லக் கூடாது, சதுரம் நல்லா நேரா வெட்டியிருக்கீங்க. விழும்போதே ரசிச்சேன்."

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். இவளுக்கு வெட்கமாக இருந்தது. வெறும் பள்ளமாக இருந்தவரை வண்டிக்காரர்கள் பழகி, ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பொறியாக்கியது இவள் கை. "என்னை மன்னிச்சிரும்மா" என்றாள்.

"ஐயோ அண்ணி, விளையாட்டுக்குச் சொன்னேன்!"

"எனக்கு விளையாட்டா இல்லை. நாளைக்கு விழறவங்களுக்குக் கையோட போகுமா?"

நேரே பணியாட்களின் கொட்டகைக்குப் போனாள். "தரை இடிக்கிற கட்டையை எல்லாம் எடுங்க."

மூத்த ஆள் தயங்கினார். "தடை இருக்கேக்கா. வேலை போயிருமே."

"போனா என் வேலை. தார் வேண்டாம், சூடு வேண்டாம், வெளியிலேர்ந்து ஒரு கல்லும் வேண்டாம். நாம வெட்டிப் போட்டது ஓரத்துலதான் குவிஞ்சு கிடக்கு. அதையே திரும்பப் போட்டு இடிப்போம். பயமா இருந்தா வீட்டுக்குப் போங்க, நான் ஒருத்தியே இடிக்கிறேன்."

"நல்லா இடிச்சீங்க! நீங்க ஒருத்தியா முடிக்கிறதுக்குள்ள வழக்கே முடிஞ்சிரும்" என்று அவர் கட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். தண்ணீரை வாளியால் இறைத்து, இரண்டே நாளில் நாற்பத்தொன்றையும் மூடினார்கள். பார்க்க அழகாக இல்லை, ரோடெல்லாம் தழும்பு. ஆனால் யாரும் விழவில்லை.

மூன்றாம் நாள் பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்காமலே கத்தினார். "குடியைக் கெடுத்தீங்களேம்மா! இருக்கிறபடி இருக்கணும்னுதானே உத்தரவு? திங்கட்கிழமை தீர்ப்பாயத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள திரும்பத் தோண்டுங்க."

"எதை சார்?"

"குழியைத்தான்!"

அவள் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து ஜீப் ஜன்னலில் நீட்டினாள். "எழுதிக் குடுங்க சார். வண்டி ஓடுற ரோட்டுல நாற்பத்தொரு குழி தோண்டவும்னு. கீழே கையெழுத்து, தேதி. இப்பவே தோண்டறேன்."

அவர் வெடுக்கென்று வாங்கினார். 'நாற்பத்தொரு' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஒரு பள்ளிப் பேருந்து நிறையப் பிள்ளைகளோடு அந்தத் தழும்புகளின் மேல் குலுங்கிக் குலுங்கிப் போனது. அது திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

அவர் விட்ட இடத்திலிருந்தே அவள் எழுதினாள்: 'நாற்பத்தொரு குழிகளையும் வெட்டியவள் நான். மூடியவளும் நான். திரும்பத் தோண்ட மாட்டேன்.' பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டாள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நீதிமன்றத்துக்கும் மற்றொன்றைத் தீர்ப்பாயத்துக்கும் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினாள்.