நம்மவள் தோற்ற இறுதிப் போட்டி

உலகப் பட்டத்துக்கான அந்தக் குத்துச்சண்டையை மதியச் சாப்பாட்டு நேரத்தில், சூலக்கரையில் எங்கள் அலுவலகத்து வண்டிக் கொட்டகையில் நின்றபடி போனில் பார்த்தேன். நம் நாட்டுப் பெண் தோற்றாள்.

முதல் ரவுண்டு நம்முடையதுதான். எதிரே நின்றவள் உயரமானவள், இடக்கைக்காரி. அப்படிப்பட்டவளிடம் தள்ளி நின்றால் அடி வாங்கத்தான் வேண்டும். நெருங்கிப் போய் விலாவில் குத்த வேண்டும். நம்மவள் அதைத்தான் செய்தாள். இரண்டாவது ரவுண்டில் ஏனோ பின்வாங்கத் தொடங்கினாள். எடுத்த புள்ளிகளைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று நினைத்திருக்கலாம். அந்த இடைவெளியில்தான் எதிராளியின் இடது கை நேராக வந்து தாடையில் இறங்கியது. நடுவர் உள்ளே புகுந்து எண்ணினார். மூன்றாவது ரவுண்டில் விட்டதையெல்லாம் ஒரே குத்தில் பிடிக்கப் பார்த்தாள். எல்லாம் காற்றில் போயின. தீர்ப்பு மோசடி என்று அன்று முழுக்க இணையத்தில் கத்தினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அடி விழும் முன்பே, முதல் எட்டைப் பின்னால் வைத்தபோதே அவள் தோற்றுவிட்டாள்.

எனக்கு அன்று வேறொரு கவலையும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை மதுரையில் எனக்கு முதல் போட்டி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் படித்தபோது பட்டத்தோடு குத்துச்சண்டையையும் கற்றுக்கொண்டு வந்தேன். பட்டத்தைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்த அம்மாவுக்கு மற்றது பிடிக்கவில்லை. "நல்லா இருக்க மூஞ்சிய எவகிட்டயோ கொண்டுபோயிக் குடுக்கணுமாக்கும்?" என்பாள். கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். "அந்தச் சண்டைய நானும் ஒருதடவ முழுசாப் பாக்குறேன். பாத்துட்டுச் சொல்லுறேன், போறதா வேண்டாமான்னு."

இந்த இறுதிப் போட்டியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். நம்மவள்தான் ஜெயிப்பாள் என்று வாரம் முழுக்கப் பெருமையும் அடித்திருந்தேன்.

அம்மா சிவகாசியில் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உள்ளே போன் கொண்டுபோக முடியாது என்பதால் முடிவு அவளுக்குத் தெரியாது. நம்மவள் போன வருடம் ஜெயித்த சண்டை ஒன்றை இதுதான் என்று போட்டிருந்தால் நம்பியிருப்பாள். சாயங்காலம் ஆமத்தூருக்கு பஸ்ஸில் வரும்போது அந்த யோசனை வரத்தான் செய்தது. ஆனால் அப்படி வாங்குகிற சம்மதத்தோடு ரிங்கில் ஏற எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அம்மாவின் கம்பெனி வேன் வந்தது. கையில் ஒட்டிய பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் போக அம்மாத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அத்தையும் வந்துவிட்டாள்.

"நம்ம புள்ளை யாரு?"

"செவப்புச் சட்டைம்மா."

"இம்புட்டுக்காண்டு இருக்கா. எதுத்தவ பனமரமாட்டம்ல நிக்கிறா. ஏத்தா, அந்த வெள்ளச் சட்டைக்காரரு ஏன் ஊடால ஊடால வாராரு?"

"பஞ்சாயத்துக்காரரு மதினி," என்றாள் அத்தை. "குழாயடியில நம்மள விலக்கிவிட வாராகள்ல, அந்த மாதிரி."

இடது கை தாடையில் விழுந்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எண்ணுறாரு?"

"எட்டு வரைக்கும் எண்ணுவாரு. அதுக்குள்ள தெளிவா நிக்கலைன்னா சண்டைய நிறுத்திருவாரு."

"அவ முடியும்னு சொன்னாலுமா?"

"சொன்னாலும்தான்."

"அந்த எடத்த மறுபடி போடு."

போட்டேன். நடுவர் குனிந்து அவள் கண்ணைப் பார்ப்பதை அம்மா பார்த்தாள். மூன்றாவது ரவுண்டும் முடிந்து நடுவர் எதிராளியின் கையைத் தூக்கியதும் அத்தைதான் சிரித்தாள். "வாரம் பூரா ஜெயிப்பா ஜெயிப்பான்னு குதிச்சியேடி!"

அம்மா சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"அந்தப் பஞ்சாயத்துக்காரரு கவனிக்காம விட்டுட்டா?"

"கோச் இருப்பாரும்மா. அவரு வேண்டாம்னா நின்னுரும்."

"அவரும் கவனிக்கலைன்னா?"

"தெரியலம்மா" என்றேன். அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம் என்பது மாதிரியே இருந்தது.

காலையில் அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வேன் வரை போனேன். அம்மா ஏறும் முன் டிரைவரிடம் சொன்னாள்.

"அண்ணே, வார சனிக்கிழமை எனக்காக நிக்காதீக. நான் வரல."

"சீசன் நேரத்துல லீவா? போர்மேன் கத்துவாரே."

"கத்தட்டும். மதுரையில எம்மவளுக்குப் போட்டி. நான் கிட்டக்க நிக்கணும்."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "நீங்க கிட்டக்க நின்னா முத அடி அந்தப் பஞ்சாயத்துக்காரருக்குத்தான் மதினி!"

வேனே சிரித்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டே ஏறி, என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டாள்.

பார்க்க வருகிறவர்களை ரிங்குக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். அதை மதுரைக்குப் போகும் பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.