புதைக்க ஒதுக்கிய கடுகளவு

கண்ணாடித் தட்டில் அடுத்தவர் வயிற்றை வைத்துப் பார்த்தே சோறு தின்னுகிற தொழில் எங்களுடையது; ஆய்வுகூடங்களில் அல்லற்படும் உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

போன மாதம், இஷாத் தொழுகைக்குப் பிறகு, கிணற்றடியில் ஈரச் சாக்கைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பிள்ளையை அணைத்தபடி எட்டிப் பார்த்தேன். என் கணவர், எனக்குக் கேட்கக்கூடாதென்று வாயைப் பொத்திப் பொத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கல்முனையே பயத்தில் மஃரிப் தொழுகையோடு கதவடைக்கிற நாட்கள் இவை. அவர் எழும்பி ஓட வேண்டுமே என்று அன்றிலிருந்து நாங்கள் மட்டும் பின்கதவைத் தாழிடாமல் படுத்தோம். எனக்குத் தூக்கமில்லை.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், இரைப்பையில் ஒரு புண்ணையும் பக்கத்தில் மஞ்சள் பொட்டொன்றையும் கண்டு, பொட்டைக் கிள்ளியெடுத்தார். கொழுப்பா, புற்றா? அந்தத் துண்டை மெல்லிதாய் வெட்டி நுண்ணோக்கிக்குக் கொடுக்கிற வேலை எனக்கே வந்தது. "நீ வெட்டுறதெண்டா எனக்குப் பயமில்ல புள்ள," என்றார் இவர்.

புதைக்கக் கேட்டவர்

போன வருடம் இறக்காமத்து விவசாயி ஒருவர், மனைவியின் இரைப்பைத் துண்டில் மிச்சத்தைக் கேட்டு வந்தார். நான் முழுவதையும் வெட்டித் தீர்த்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. "நகம் வெட்டினாலும் புதைக்கிற ஆக்கள் நாங்க, மகள். இதக் குப்பையில போடுவமா?"

வெற்று ஓட்டைகள்

இரைப்பைச் சுவரின் உயிர்க்கலங்கள் கொழுப்பமிலத்தை உள்ளே எடுத்து, கொஞ்சத்தை எரித்து, மிச்சத்தைத் துளியாகச் சேர்த்துவைக்கும். மதுசாரம், அதாவது அல்ககோல், பட்டால் துளி கரைந்து ஓட்டைதான் நிற்கும். கொன்வென்டில் சிஸ்டர் படிப்பித்த நாளிலிருந்து இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தூக்கமில்லாத மயக்கத்தில், இவருடைய துண்டை வழமைபோல மதுசாரத்தில் போட்டுவிட்டேன்.

சிலவகைப் புற்றுக் கலமும் அப்படித்தான் வெறுமையாய்த் தெரியும். எங்கள் ஆய்வுகூட டொக்டர் நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "கொழுப்பக் கழுவி ஊத்திப்போட்டு என்னட்டக் கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

சிவப்பு

இறக்காமத்தார் வந்துபோன நாளிலிருந்து, யாருடைய துண்டு வந்தாலும் புதைப்பதற்கென்று கடுகளவை, அழுகாமல் காக்கிற போமலின் திரவத்தில் ஒதுக்கிவைப்பேன். இவருடையதும் இருந்தது. போமலின் கொழுப்பைக் கரைக்காது. அதை உறையவைத்து வெட்டி, கொழுப்பில் மட்டும் பிடிக்கிற சாயத்தில் தோய்த்தேன். ஓட்டைகள் இருந்த இடமெல்லாம் சிவப்புத் துளிகள்.

டொக்டரும் பார்த்தார். "கொழுப்புத்தான். வாந்தி வாறது பக்கத்துப் புண்ணால, அதுக்கு மருந்திருக்கு. அழாதீங்க புள்ள, சிலைட் நனையும்."

புதைக்க ஒன்றும் மிஞ்சவில்லையே என்று நான் கவலைப்படாத ஒரே துண்டு அதுதான். மருந்து தொடங்கிய பத்தாம் இரவான இன்று, நான் இதை எழுதிக்கொண்டிருக்க, இவரே எழுந்துபோய்ப் பின்கதவை உள்ளே தாழிட்டார்.