இரண்டாவது இரத்தம்

காய்ச்சலில் கிடப்பவரிடம் இரத்தம் கேட்டால் கையை நீட்டுவார். காய்ச்சல் விட்டவரிடம் கேட்டால் கதவைச் சாத்துவார். எங்கள் தொழிலுக்கு இரண்டு பேருமே வேண்டும்.

நான் கண்டியில் ஓர் இராணுவ ஆய்வுகூடத்தில் உதவியாளர். சீருடை இல்லாத வேலை. எங்கள் மேடம் ஒரு மேஜர், நுண்ணுயிரியல் டொக்டர், சிங்களவர். எந்தக் காய்ச்சல் எங்கே தலைகாட்டுகிறது என்று தேடிப் பிடிப்பதிலேயே அவருடைய உத்தியோக காலம் போகிறது. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழ் அவருக்குத் தேவை. அதனால் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவரோடு கிளம்பிவிடுவேன். மீட்டர் பார்க்கிறவர்களே, காப்புறுதி விற்கிறவர்களே, கதவு தட்டிப் பிழைக்கும் உங்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

மஹய்யாவக் கதவு

பெரிய மழையில் நகரத்தின் கழிவுநீர்க் கான்கள் அடைத்துக்கொண்டன. துப்புரவுத் தொழிலாளிகளோடு சில சிப்பாய்களும் இறங்கித் தோண்டினார்கள். பிறகு சிப்பாய்களுக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சலாக இருக்கும் என்பது மேடத்தின் சந்தேகம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். கூட இறங்கிய தொழிலாளிகளைப் பார்க்க, அவர்கள் குடியிருக்கும் மஹய்யாவவுக்குப் போனோம்.

சீருடையைக் கண்டதும் லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கானில் இறங்கிய செல்வராஜ் அண்ணனின் மனைவி புஷ்பம் அக்கா மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் புருசன் கண் சிவந்து, கெண்டைக்கால் வலியில் முனகிக்கொண்டிருந்தார். புஷ்பம் அக்கா மேடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "காய்ச்சலுக்கு எதுக்குங்க ஆமி? எங்க லயத்துக்கு டொக்டர்கூட வந்ததில்லயே."

தாசன் அண்ணனின் கேள்வி

செல்வராஜ் அண்ணனிடமும் அவரோடு வேலை செய்யும், அதே காய்ச்சல் கண்ட தாசன் அண்ணனிடமும் இரத்தம் எடுத்தோம். எங்கள் சோதனையில் ஒரு வில்லங்கம் உண்டு. நோயை எதிர்க்கிற பொருளை உடம்பு சுரக்கச் சில நாள் பிடிக்கும். அதற்குமுன் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அதுவரை வைத்தியம் காத்திருக்கக் கூடாது. "ரெண்டு பேரும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்" என்று மேடம் சொன்னதை நான் தமிழில் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

செல்வராஜ் அண்ணனைப் புஷ்பம் அக்கா இழுத்துக்கொண்டு போய்விட்டார். தாசன் அண்ணன் போகாமல், மறுநாள் முதல் சோதனையின் முடிவைக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. தலையிடிக் குளிசை ஒன்றை விழுங்கிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டார். பாதை முனைவரைக்கும் பின்னாலேயே போய், நோய் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே திரும்பினார்: "தங்கச்சி, ஒங்க மெசினே ஒண்ணுமில்லங்குது. நீங்க ஏன் இருக்குங்கிறீங்க?"

அலவத்துகொடயில் தேத்தண்ணி

அந்த வாரமே அலவத்துகொட கிராமத்தில் வயல் செய்யும், முன்பே இதே காய்ச்சலில் விழுந்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் இரண்டாவது இரத்தம் எடுக்கப் போனோம். நோயிலிருந்து எழுந்து ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, ஊர்க்கதையெல்லாம் பேசினார். ஊசியை எடுத்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "மவுத்தாகப் போறேன்னு கெடந்தப்ப ஒரு குப்பி எடுத்தீங்க மகள். இப்பதான் கொஞ்சம் ஊறியிருக்கு, அதுலயும் பங்கா?"

செல்வராஜ் அண்ணனின் கை

தாசன் அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. அவர் பிழைக்கவில்லை; இரண்டாவது இரத்தம் எடுக்க வழியில்லாமல் போயிற்று.

அவருடைய மேற்பார்வையாளர் "சும்மா மழைக்காய்ச்சல்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கானில் இறங்குகிற மற்றவர்களுக்கு வாராவாரம் தடுப்புக் குளிசை தரவேண்டுமானால் ஆதாரம் வேண்டுமாம். சிப்பாய்களின் இரண்டாவது இரத்தத்தில் எலிக்காய்ச்சல் உறுதியானதைக் காட்டினோம். "அது முகாமில் பிடித்த நோய்" என்றார். இனி ஆதாரம் என்றால் செல்வராஜ் அண்ணனின் இரண்டாவது இரத்தம்தான். பிழைத்து வந்த அவரோ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "மொதல் தடவ எடுத்து என்னத்தக் கண்டீங்க?" என்றார்.

மேடம் சீருடையோடு சிமெந்துத் தரையில் உட்கார்ந்தார். முதல் சோதனையில் தெரியாமல் போனதையும், குளிசைக்கு மேற்பார்வையாளர் ஆதாரம் கேட்பதையும் ஒளிக்காமல் சொன்னார், நான் தமிழாக்கினேன். செல்வராஜ் அண்ணன் சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து கையை நீட்டினார். "தாசனுக்குக் கெடைக்காத குளிசைய மத்தவனுங்களுக்குக் குடுப்பீங்கன்னா எடுங்க."

வரிசை

அந்த இரத்தம் எலிக்காய்ச்சல் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் நானும் மேடமும் தடுப்புக் குளிசை கொடுத்தோம். பூட்ஸ் சப்பாத்தும் வந்திருந்தது. வரிசையில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அளவு பெரிதான ஆம்பளைச் சப்பாத்துக்குள் துணி திணித்து நின்றாள். தாசன் அண்ணனின் மனைவி. அவருடைய வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் சொன்னாள்: "அவரு எடத்துலதான் எறங்குறேன் மேடம். எனக்காவது நேரத்தோட வாங்க."

கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் காட்டிக்கொடுக்கிற இயந்திரம் எங்களிடம் இருக்கிறது, நேரத்தோடு போய்ச் சேர மட்டும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் ஒரு பழைய ஜீப்தான் இருக்கிறது.